ஓடாத சரக்கும் ஒரு துப்பாக்கியும்

1

சென்ற வாரம் எங்கள் கடைத் துப்பாக்கி செத்துப்போனது. எங்கள் ஊர் தொண்டியில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். இது சுடுகிற துப்பாக்கி இல்லை, படிக்கிற துப்பாக்கி. சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளின் முதுகில் கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்குமே, பார்கோடு, அதன் மேல் சிவப்பு வெளிச்சம் அடித்து 'பீப்' என்று கத்தி, இது இன்ன சரக்கு என்று கண்டுகொள்ளும் கருவி. பிடியும் விசையும் வைத்து அசல் துப்பாக்கி மாதிரியே செய்திருப்பதால் கடையில் எல்லாருக்கும் அது துப்பாக்கிதான்.

அந்தப் பெயரால் முதல் நாளே வம்பு வந்தது. எங்கள் முதலாளி அதைச் சிங்கப்பூரிலிருந்து வாங்கிக்கொண்டு யங்கோனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அழைத்துவரப் போனவன் நான். சுங்க அதிகாரி பெட்டியிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்து, என்ன இது என்றார். எனக்கு அப்போது தெரிந்த பர்மியப் பேச்சு மீன் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். கடையில் சொல்வதை அப்படியே பெயர்த்து, "துப்பாக்கி, கடைக்கு" என்று பணிவாகச் சொல்லிவைத்தேன். சுற்றிலும் பட்டாளத்துக் குடியிருப்பு இருக்கிற பேட்டை அது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஓர் அறை, ஒரு பெஞ்சு, பெரிய அதிகாரி, அவருக்கும் பெரிய அதிகாரி. கம்ப்யூட்டரோடு சேரும் பொருளென்றால் தனி அனுமதி வேண்டும், அந்த அனுமதி கேட்பதற்கும் ஓர் அனுமதி வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒருவர் முதலாளியின் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டின் மேல் விசையை அழுத்திப் பார்த்தார். 'பீப்' என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இருந்தாலும் அந்தச் சனியனை வெளியே எடுக்க அந்த மாதம் முழுக்க அலைந்தேன்.

2

முதலாளி என்பவர் என் மனைவி ஜமீலாவுக்குத் தாய்மாமன், எனக்கும் மாமா. நகரின் லத்தா பேட்டையில் அவருக்கு மொத்த வியாபாரம், சரக்குக் கிட்டங்கி. என்னை யங்கோனுக்கு அழைத்ததும் அவர்தான். வருடா வருடம் நான் இங்கே தங்குவதற்கு அனுமதி புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கடிதம் கொடுப்பவரும் அவரே. ஆகவே வீட்டில் மாமா, கடையில் முதலாளி, குடியேற்ற அலுவலகத்தில் எனக்கு அவர் அல்லாவுக்கு அடுத்தபடி.

தின்கன்ஜூன் பேட்டையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவர் ஒரு சில்லறைக் கடை திறந்தார். பலகையில் சூப்பர் மார்க்கெட் என்று எழுதியிருந்தது, உள்ளே நாலு வரிசை அலமாரி. கம்ப்யூட்டரும் பார்கோடும் என் பொறுப்பு. வேலை முறை சுலபம். வருகிற சரக்கை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியால் படித்தால் இருப்புக் கணக்கில் ஒன்று கூடும். விற்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் பதித்திருக்கும் கண்ணாடியில் காட்டினால் ஒன்று குறையும். துப்பாக்கி நாள் முழுக்கத் தான் படித்ததை வயிற்றில் வைத்திருக்கும். கடை அடைக்கும்போது அதன் தொட்டிலில் உட்காரவைத்தால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கக்கிவிடும். வரவுக்குத் துப்பாக்கி, செலவுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான்.

சொல்வதற்குச் சுலபம். இந்த ஊர் ஊறிய தேயிலைக்கும் இறால் பொடிக்கும் ஏது பார்கோடு? நாங்களே எண் கொடுத்து ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம். அது சூட்டில் அச்சாகிற காகிதம். திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வெயிலில், ஜன்னலோரம் வைத்ததெல்லாம் முழுக்கக் கறுத்துப்போய்த் துப்பாக்கி திருதிருவென்று விழித்தது. கரண்ட் போனால் மொத்தக் கடையும் விழிக்கும்.

நான் இதற்கு முன் சென்னை மண்ணடியில் ஒரு துணி மொத்தக் கடையில் வேலை பார்த்தவன். அங்கேயும் ஒவ்வொரு சீட்டிலும் ரகசியக் குறி உண்டு. ஓரெழுத்தும் திரும்ப வராத பத்தெழுத்து வார்த்தை ஒன்றை முதலாளி சொல்லிக்கொடுப்பார். ஒன்றுக்கு முதல் எழுத்து, இரண்டுக்கு அடுத்தது என்று கொள்முதல் விலையை அதில் எழுதிவைப்போம். வாடிக்கையாளர் எதிரிலேயே சீட்டைப் பார்த்து, எதுவரை இறங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போடுவோம். அந்த வார்த்தையை இன்றுவரை ஜமீலாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அந்தக் கடையை இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது, இருந்தும் வாய் வரவில்லை. தொழில் புத்தி போகுமா?

இங்கே வந்து புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பாக்கெட்டைக் கண்டாலும் முதலில் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். 890 என்று தொடங்கினால் நம் நாட்டில் பதிந்த எண், 885 என்றால் தாய்லாந்து. லத்தா கிட்டங்கியில் அட்டைப்பெட்டி பிரிக்கும்போது 890 வந்தால், அது வெறும் கொசுவத்தியாக இருந்தாலும், ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடையின் கல்லாவில் இருப்பவர் சரசக்கா. ரயில்வே வேலைக்கு வந்த பாட்டனாரின் வழியில் இங்கேயே பிறந்தவர். பர்மியப் பெயர் ஒன்றும் உண்டு. வாடிக்கையாளர்கள் இரண்டையும் கலந்து 'மா சரசு' என்பார்கள், இங்கே 'மா' என்றால் அக்கா. நான் மதியம்வரை லத்தா கிட்டங்கியில் இருப்பதால், காலையில் கடை திறப்பது, வருகிற சரக்கைத் துப்பாக்கியால் வரவு வைப்பது எல்லாம் அவர்தான். நாலு மொழியில் பேரம் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ்.

3

அந்த வருடம் மழைக்காலத்தில், மாதக் கடைசி இருப்பு எடுத்தபோது கணக்கு உதைத்தது. கம்ப்யூட்டரில் இருக்கிற சரக்கு அலமாரியில் இல்லை. ஏதோ எண்ணுவதில் பிசகு என்று விட்டோம். மறுமாதம் பள்ளம் இன்னும் பெரிதானது.

சரக்குச் சீட்டோடு ஒத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சீட்டுகளை ஒழிக்கத்தானே துப்பாக்கியே வாங்கினோம். வந்த சரக்கைத் துப்பாக்கி படித்தவுடன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடச் சொல்லி மாமாவின் உத்தரவு.

என்னை உறுத்தியது வேறு. காணாமல் போனதெல்லாம் ஓட்ஸ், ஜவ்வரிசி, கஸ்டர்டு பவுடர், யாரும் சீந்தாத ஒரு ஷாம்பு. வெளிநாட்டுப் பால்பவுடர் டப்பா அத்தனையும் பத்திரமாக இருந்தது. எந்தத் திருடன் பால்பவுடரை விட்டுவிட்டு ஓட்ஸைத் தூக்குவான்? மாமாவிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மாப்ள. மனுசன்தான் சொல்லுவான்" என்றார். துப்பாக்கி வந்ததிலிருந்து அவருக்கு அதன் மேல் அப்படியொரு ஈமான்.

காலையில் கடையில் தனியாக இருப்பவர் சரசக்கா. ஆகவே அவரைக் கூப்பிட்டு மாமா விசாரித்தார். எடுத்தாயா, எடுக்கவில்லையா என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லை என்று சரசக்கா ஒவ்வொரு தடவையும் சொன்னார். வீட்டில் ஓட்ஸ் தின்கிற வாய் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னார். மாமா அசையவில்லை.

வேலை போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. சரசக்காவிடம் குடியுரிமை அட்டை கிடையாது, தற்காலிகத் தாள் ஒன்றுதான். அவர் அப்பா மனுப்போட்டு, அலைந்து, கிடைக்காமலே இறந்தார். அதே கோப்பைத் தூக்கிக்கொண்டு இவர் அலைந்தார். இவருக்குக் கிடைத்தால்தான் இவர் மகனுக்கும் மனுப்போடலாம். அந்த வருடம்தான் வார்டு அலுவலகத்தில் சிபாரிசு எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே வார்டு அலுவலகத்தில்தான் மாமா திருட்டுப் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். புகார் போனால் சிபாரிசு போச்சு. அப்புறம் தலைகீழாக நின்றாலும் அட்டை வராது.

புகாரோடு கம்ப்யூட்டர் கணக்கை அச்சடித்து வைக்க வேண்டும், அதில் நான் கையெழுத்திட வேண்டும் என்றார் மாமா. அவர் கடிதம் இல்லாமல் எனக்கு இந்த ஊரில் ஒரு நாள் கூடக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் மென்று விழுங்கி, இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுத் திங்கட்கிழமை போடுகிறேன் என்றேன்.

சரசக்கா அன்று முதல் என்னைப் 'பாய்' என்று கூப்பிடுவதை நிறுத்தினார். 'சார்' என்றார். அது சுருக்கென்று குத்தியது.

4

சனிக்கிழமை மகள் பள்ளியில் சந்தை. பிள்ளைகளே கடைபோட்டுப் பலகாரம் விற்பார்கள்.

மகள் பெயர் நிலோஃபர். பள்ளியில் அவளுக்கு 'சந்தா' என்று பர்மியப் பெயர் வைத்திருந்தார்கள். சந்திரன் என்று அர்த்தமாம். ஊருக்குப் போனபோது என் மச்சான், மாதச் சந்தாவா ஆயுள் சந்தாவா என்று கேட்டுப் பிள்ளையை அழவைத்துவிட்டான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பர்மியப் பேச்சில் பதில் சொல்வாள். கனவில் உளறுவதும் அதில்தான். ஜமீலா இதை நினைத்துக் கண்கலங்குவாள். நான் கோபப்படுவேன். இரண்டாலும் ஒரு பயனும் இல்லை.

ஜமீலா பருப்பு வடை சுட்டுக் கொடுத்தாள். மகள் அதைப் 'பயாஜோ' என்று எழுதி ஒட்டினாள். சரி, போகட்டும். பள்ளிக்குள் காசு புழங்கக் கூடாது என்பதால் வாசலில் கூப்பன் வாங்க வேண்டும். பிள்ளைகள் கூப்பனை வாங்கி, துளைபோடும் கருவியால் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

முதல் ஆளாக ஒரு டீச்சர் வடை வாங்கினார். மகள் கூப்பனில் ஓட்டை போட்டாள். போட்ட கையோடு அந்தத் துளைக்கருவியை வைத்துக்கொண்டு, மேசையிலிருந்த தட்டுகளின் மேலெல்லாம் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போனாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. தோழி கொண்டுவந்த கடல்பாசி இனிப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதன் மேல் மட்டும் கூடுதலாகத் தட்டினாள்.

என்ன செய்கிறாய் என்றேன். வழக்கம்போலப் பர்மியப் பேச்சில்தான் பதில், தமிழில் தருகிறேன்.

"ஜே ஊ, அத்தா. தட்டுனாத்தான் மத்ததும் ஓடும்."

நாளின் முதல் விற்பனைக்கு இங்கே 'ஜே ஊ' என்று பெயர். நம் ஊர் போணிதான். நாம் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவோம். இங்கே சந்தைப் பெண்கள் அந்த நோட்டால் மற்றச் சரக்கையெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மடியில் வைப்பார்கள். லத்தா தெருவில் தினமும் பார்க்கிற காட்சி. ஆனால் அதற்கு நோட்டல்லவா வேண்டும் என்றேன்.

"இங்க நோட்டு இல்லயே. இதுதான அத்தா விக்குது" என்று துளைக்கருவியைக் காட்டினாள்.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு வாடிக்கையாளர் அம்மாள், கல்லாவில் இருப்பவள் அழுக்கு நோட்டால் தின்கிற பண்டத்தைத் தட்டுகிறாள் என்று மாமாவிடம் குறை சொன்னார். இங்கே நோட்டுகளின் நிலைமை சொல்லத் தேவையில்லை, மீன் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டுப்போட்ட காகிதம். உடனே மாமா, நோட்டு கையில் வாங்கினால் நேராக டிராயருக்குள் போக வேண்டும், அலமாரிப் பக்கம் போகக் கூடாது என்று ரூல் போட்டார். கணக்கு உதைக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

5

திங்கட்கிழமை லத்தாவுக்குப் போகாமல் கடைக்குப் போனேன். ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றதால் சரசக்கா, "என்ன சார், காவலா?" என்றார். அரிசி மூட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஒரு பெரியவர் வந்து சோப்பு வாங்கினார். சரசக்கா நோட்டை வாங்கி, ரூல்படி நேராக டிராயரில் போட்டார். பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அலமாரி அலமாரியாகப் போய், ஓட்ஸ் மேல் ஒரு பீப், ஜவ்வரிசி மேல் ஒரு பீப், கஸ்டர்டு பவுடரின் மேல் இரண்டு பீப், "ஜே ஊ, ஜே ஊ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஷாம்பு ரொம்ப நாளாகத் தூங்குவதால் அதற்குக் கூடுதலாகச் சில பீப்.

ஒவ்வொரு பீப்புக்கும் வராத சரக்கு ஒன்று வந்ததாகத் துப்பாக்கி நம்பிக்கொண்டிருந்தது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? இல்லாத ஓட்ஸைத் தினந்தினம் கம்ப்யூட்டருக்குள் ஊற்றி, மாதக் கடைசியில் எங்கே அந்த ஓட்ஸ் என்று நாங்கள் தேடியிருக்கிறோம்.

அப்போதே துப்பாக்கியைத் தொட்டிலில் வைத்துக் கணக்கைத் திறந்தேன். ஒரு சரக்கும் வந்து இறங்காத காலையில், ஓட்ஸும் ஷாம்பும் கூடியிருந்தன. மாமாவுக்குப் போன் போட்டு, புகாரை எடுத்துக்கொண்டு முதலில் கடைக்கு வாருங்கள் என்றேன்.

மாமா வந்தார். நான் விளக்கினேன், இன்னொரு தடவை விளக்கினேன். அவர் நம்பாமல் தானே விசையை அழுத்தி, கணக்கில் ஒன்று கூடுவதைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று சரசக்காவைத்தான் கேட்டார், கேட்க வேறு ஒன்றும் தோன்றாமல்.

சரசக்கா குரலை உயர்த்தவில்லை. "எடுத்தியான்னு கேட்டீங்க முதலாளி, இல்லன்னு சொன்னேன். காலையில என்ன செய்யறன்னு ஒருத்தரும் கேக்கல. நோட்டால தட்டாதன்னீங்க, தட்டல. சரக்கு ஓட வேணாமா? நம்ம கடைதானேன்னு செஞ்சேன்."

நம்ம கடைதானே என்றபோது அவர் குரல் உடைந்தது. மாமா ஓட்ஸ் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வியாபாரி அல்லவா, துப்பாக்கியால் தட்டினால் ஓடுகிறதா என்று கேட்டார். எங்கே ஓடுகிறது, நோட்டால் தட்டியபோதாவது கொஞ்சம் ஓடியது என்றார் சரசக்கா.

மாமா புகாரைக் கிழித்தார். ரூலையும் எடுத்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாலையில் சரசக்கா வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி போனது, போன ரிக்‌ஷாவிலேயே திரும்பி வந்தது. பிறகு ஜமீலா போய்ப் பேசி, இருவரும் கொஞ்சம் அழுது, அரிசி அங்கே தங்கியது. நான் மறுபடி 'பாய்' ஆவதற்கு மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது.

வீட்டில் மகளிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், அவள் பேச்சிலேயே. நீ இல்லாவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது என்பதற்குப் பர்மியச் சொல் வரவில்லை. தமிழில் சொன்னேன். புரிந்தது போலத்தான் தலையாட்டினாள். அதன்பிறகு அவள் பேச்சு விஷயத்தில் நான் முன்போலக் கத்துவதில்லை.

6

இதெல்லாம் யங்கோனையே புரட்டிப்போட்ட பெரும்புயலுக்கு முந்திய கதை. புயல் கடையின் கூரையைக் கொண்டுபோனது, வார்டு அலுவலகத்தின் காகிதங்களையும் நனைத்தது. சரசக்காவின் சிபாரிசும் அதில் போய், மறுபடி முதலிலிருந்து அலைச்சல். துப்பாக்கி மட்டும் தப்பித்து, போன வாரம்வரை உழைத்துவிட்டு, ஒரு நாள் வெளிச்சம் வராமல் அடங்கியது.

மாமா சிங்கப்பூரில் புதிதாக ஒன்று பார்த்து வந்திருக்கிறார். சரக்குக்குள் சின்னச் சில்லு வைத்துவிட்டால் போதுமாம். யாரும் விசை அழுத்த வேண்டாம், வாசலைத் தாண்டும்போதே சரக்கு தானே தன் பெயரைச் சொல்லிவிடுமாம். சரசக்கா கேட்டுக்கொண்டு நின்றார். "பரவாயில்லயே. நான் போய் நின்னு பேரச் சொன்னாக்கூட, யாரு நீன்னு திரும்பக் கேக்கறாங்க" என்றார்.

புதன்கிழமை அவரைக் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள், அட்டை விஷயமாக. போகிற வழியில் கடையைத் திறந்துவைக்க வந்தார். இந்த ஊர்ப் பெண்கள் உடுத்துகிற மாதிரி நல்ல லுங்கி, தலையில் மல்லிகை. அப்பா காலத்துக் கோப்பைக் கல்லாமேசை மேல் வைத்துவிட்டு எனக்குச் சாவி கொடுத்தார். அந்நேரம் ஒரு பெண் வந்து மெழுகுவர்த்தி வாங்கினாள். நோட்டை நான் வாங்கினேன்.

வாங்கிய கை டிராயருக்குப் போகவில்லை. என்னையறியாமல் அந்த நோட்டால் கோப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். "ஜே ஊ" என்று வாயும் சொன்னது.

சரசக்கா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அழுக்கு நோட்டு பாய். நேரா டிராயருக்குன்னு ஒரு ரூல் இருந்துச்சே" என்றார். நான் அசடு வழிந்து கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் கோப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒரு தட்டு எதுக்குப் பத்தும்? நல்லாத் தட்டுங்க. அப்பா காலத்துலேர்ந்து ஓடாத சரக்கு இது."